பிந்தி வந்தவர்களின் அட்டவணை

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழரைக்கு மணி அடித்ததும் அதிபர் கேற்றைச் சாத்திவிடுவார். சாத்தியபின் உள்ளே போகமாட்டார். கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பார். தோட்டத்தின் மேல் டிவிசன் பிள்ளைகள் தேயிலைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக இறங்கி ஓடி வருவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கும் விதத்தைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். பிள்ளைகள் மூச்சிரைக்க வந்து நிற்பார்கள். முழங்கால் வரை பனியில் நனைந்திருக்கும், சப்பாத்தெல்லாம் சேறு. கேற் திறக்காது. காலைக்கூட்டம் முடிந்து, தேவாரம் முடிந்து, முதலாம் பாடம் பாதி போன பிறகுதான் திறப்பார். திறந்ததும் அவர்கள் வகுப்புக்கு வரக்கூடாது, திடலில் புல் பிடுங்க வேண்டும்.

"மலையில புல்லு வெட்டத்தானே போகப்போறீங்க. இப்பவே பழகிக்கங்க" என்பார்.

கோபத்தில் சொன்னால்கூட மன்னித்திருப்பேன். சிரித்துக்கொண்டே சொல்வார்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. கல்வியியற் கல்லூரியை முடித்து முதல் நியமனம். பொகவந்தலாவைப் பக்கம், ஒன்பதாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். கணிதமும் குடியியலும் என் பாடங்கள். கையில் ஒரு தடித்த கோப்பு வைத்திருந்தேன். பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கும் செயற்பாடுகள் என்று கல்லூரியில் இரண்டு வருடமாக நானே எழுதிச் சேர்த்தவை. நியமனக் கடிதத்துக்கு ஒரு பொலித்தீன் உறை போட்டேன் என்றால் அந்தக் கோப்புக்கு இரண்டு போட்டேன்.

வியாழக்கிழமை இடைவேளைக்கு முந்திய இரண்டு பாடமும் ஒன்பதாம் வகுப்பில் எனக்கு. அங்கே ஒரே ஒரு சட்டம் கொண்டுவந்தேன். யார் எதைச் சொன்னாலும் மற்றவர் "எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம். கேட்கப்பட்டவர், தான் பார்த்ததா, அளந்ததா, யாரோ சொன்னதா என்று பதில் சொல்ல வேண்டும். யாரோ சொன்னது என்றால் அந்த யாரோ யார் என்று போய்த் தேட வேண்டும். முதல் மாதம் அட்டைக்கடிக்கு உப்பு நல்லதா சவுக்காரம் நல்லதா என்று பார்த்தோம். பிள்ளைகள் யோகட் கோப்பைகளில் உயிரோடு அட்டைகளைப் பிடித்துவந்தார்கள். உப்புதான் வென்றது. இரண்டு அட்டைகள் தப்பிப்போய் ஆசிரியர் அறை வரை போய்ச் சேர்ந்தன, அது வேறு விஷயம்.

பிள்ளைகள் சட்டத்தை என் வகுப்போடு நிறுத்தவில்லை. சமய டீச்சரிடம் கேட்டார்கள். சுகாதாரப் பாடத்தில் கேட்டார்கள். சிங்களம் படிப்பிக்க வரும் சாரிடம் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டார்கள். அதன்பிறகு ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும்.

"ஒங்க வகுப்புக்குப் போனா பாடம் எடுக்கப் போன மாதிரி இல்ல. பொலிசுல வாக்குமூலம் குடுக்கப் போன மாதிரி இருக்கு" என்றார் சமய டீச்சர், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு.

ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்கள் வாக்குமூலத்துக்குப் பயப்பட மாட்டார்கள் என்று நான் பதில் சொன்னேன். அந்த வயதில் வாய் அப்படித்தான் வேலை செய்தது. அந்த ஒரு வசனத்துக்காக அந்த அறையில் அதற்குப் பிறகு எனக்கு யாரும் தேநீர் ஊற்றித் தரவில்லை.

அந்த வகுப்பில் ஒருத்தி இருந்தாள். மேல் டிவிசன் பிள்ளை. கணக்கில் என்னைவிட வேகம். ஒன்பது முடிந்ததும் ஹட்டனில் சித்தி வீட்டில் தங்கி, டவுன் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பில் சேர வேண்டும் என்று வீட்டில் ஏற்பாடு. தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்குப் பழைய பள்ளிக்கூடம் தரும் விடுகைப் பத்திரத்தை டவுன் பள்ளிக்கூடம் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்கும். அவளுடைய புள்ளிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்திரத்தில் நேரந்தவறாமை என்று ஒரு வரி இருக்கிறது. அதில் "திருப்தியற்றது" என்று எழுதப்போவதாக அதிபர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த வருடத்தில் கேற்றுக்கு வெளியே அதிக நாட்கள் நின்றவள் அவள்தான். முந்திய வருடம் அதே சொல் எழுதப்பட்ட ஒரு பிள்ளையை டவுன் பள்ளிக்கூடம் வாசலோடு திருப்பி அனுப்பியது. அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் யாரோ வீட்டில் சமைக்கிறாள்.

நான் அலுவலகத்துக்குப் போய்ப் பேசிப்பார்த்தேன். தூரத்தைச் சொன்னேன், ஏற்றத்தைச் சொன்னேன், மழையைச் சொன்னேன். தூரம் என்றால் வெள்ளனக் கிளம்ப வேண்டும் என்று ஒரே பதிலில் எல்லாவற்றையும் முடித்தார். அவள் சோம்பேறி இல்லை என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எப்படித் தெரியும் டீச்சர்?" என்றார்.

என் சட்டத்தை எடுத்து எனக்கே அடித்தார். அளந்து காட்டுகிறேன், பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமையே தொடங்கினோம். இரண்டு வாரம், வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை எழுத வேண்டும். கேற்றடியில் வந்து சேரும் நேரத்தை நான் என் போனைப் பார்த்து எழுதுவேன். பிள்ளைகள் போனில் பார்த்து எழுதலாமா என்று யாரோ கேட்டார்கள். போன் என்ற சொல்லே அதிபருக்கு ஆகாது, தவிர பாதி வீடுகளில் போன் கொழும்பில் வேலை செய்யும் அப்பாவோடு இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் மணிக்கூட்டைப் பாருங்கள் என்றேன். பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி ஒரு பிரசங்கமும் வைத்தேன். நினைப்பதை எழுதக்கூடாது, முள் எங்கே நிற்கிறதோ அதை எழுத வேண்டும், ஒரு நிமிடம் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்றேன்.

முதல் வாரமே ஒரு கோணல் வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கீழே உள்ள லயத்து வரிசை வீடுகளிலிருந்து இரட்டைப் பிள்ளைகள், இரண்டு பெண்கள். ஏழு இருபத்தைந்துக்குக் கிளம்பியதாக எழுதியிருந்தார்கள். நான் கேற்றடியில் அவர்களைப் பார்த்தது ஏழு பத்துக்கு.

"கெளம்புறதுக்கு முந்தியே வந்து சேந்துட்டீங்களா? நீங்க என்ன, பேய்ப் புள்ளைங்களா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அழிறப்பரை நீட்டினேன். அழித்துவிட்டு ஏழு ஐந்து என்று எழுதினார்கள். அவர்களைச் சிந்திக்கச் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான்.

இரண்டாவது வார முடிவில் ஒரு பெரிய டிமைத் தாள் முழுவதிலும் அட்டவணை போட்டோம். பெயர், டிவிசன், கிளம்பிய நேரம், வந்த நேரம், நடந்த நேரம். நடந்த நேரத்தை மட்டும் சிவப்பு மாக்கரில் எழுதச் சொன்னேன். கீழ் லயம் ஐந்து நிமிடம், மேல் டிவிசன் நாற்பது நிமிடம். அந்தச் சிவப்பைப் பார்த்தாலே எவருக்கும் நியாயம் புரியும் என்று நினைத்தேன். அதிபரின் அலுவலகத்துக்கு எதிர்ச் சுவரில், அவர் தப்பவே முடியாத இடத்தில் கொண்டுபோய் ஒட்டினேன்.

அவர் வந்தார். கண்ணாடியைப் போட்டார். மற்ற ஆசிரியர்களும் வந்து பின்னால் நின்றார்கள். அவர் அதை மேலிருந்து கீழ்வரை முழுதாக வாசித்தார். நான் செய்யாத காரியம் அதுதான்.

"நல்ல வேலை டீச்சர்" என்றார். பிறகு அந்த மேல் டிவிசன் பிள்ளையின் வரிகளில் சிவப்பை விட்டுவிட்டு அதற்கு இரண்டு கட்டம் முன்னால் விரலை வைத்தார். "ஏழு மணி. ஏழு மூணு. ஏழு. ஆறு அம்பத்தெட்டு. பள்ளிக்கூடம் ஏழரைக்கு. நாப்பது நிமிசம் நடக்கணும்னு தெரிஞ்ச புள்ள ஏழு மணிக்குத்தான் வீட்ட விட்டு எறங்குது. இத நான் சொல்லல. அதுவே எழுதியிருக்கு."

அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வந்து நின்றாள்.

"இது ஒன் எழுத்துதானே?"

"ஆமா சார்."

"பாத்து எழுதுனியா, நெனச்சு எழுதுனியா?"

"பாத்துத்தான் சார்."

சமய டீச்சர் சத்தமில்லாமல் சிரித்தார். அதிபர் டிமைத் தாளை மூலை கிழியாமல் கவனமாகக் கழற்றிச் சுருட்டினார். அவளுடைய பத்திரத்தோடு இதுவும் பைலில் இருக்கட்டும், டவுனில் யாராவது கேட்டால் காட்டலாம் என்றார். நானே சாட்சியம் தேடி, நானே எழுதி, நானே அவர் மேசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

அந்தக் கோபத்தை நான் யார்மீது காட்டினேன் என்று சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் தண்ணீர்ப் பீலியடியில் அவளை மறித்தேன். ஏன் ஏழு மணிக்குக் கிளம்புகிறாய், இருபது நிமிடம் முந்திக் கிளம்பினால் உனக்கு என்ன குறைந்துவிடும், உனக்காக நான் எல்லோரிடமும் பேச்சு வாங்குகிறேனே என்று பொரிந்தேன்.

அவள் போத்தலை நிரப்பி மூடியைத் திருகினாள். "முந்திக் கெளம்ப முடியாது டீச்சர்" என்றாள் பிறகு. "தங்கச்சியப் புள்ளக் காம்பராவுல விடணும். ஆறரைக்குத்தான் தொறப்பாங்க."

பிள்ளைக் காம்பரா என்பது மலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் அறை. அவர்கள் லயத்துக்கு அடுத்த கட்டடம்.

"ஆறரைக்கு விட்டுட்டு ஏழு மணி வரைக்கும் அங்க என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணல. விட்டுட்டு நேரா எறங்கிருவேன்."

"நீ எழுதுனது ஏழு மணி."

"மணிக்கூட்டுல ஏழுதான் டீச்சர் காட்டும்" என்றாள், இது தெரியாதா என்கிற மாதிரி. "அது பெரட்டுக்கு வச்ச மணி."

காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கும் இடம்தான் பெரட்டு. ஏழு மணிக்குப் பெரட்டு. பிந்திப் போனால் கங்காணி அரைப்பேர் போடுவார், அதாவது முழு நாள் மலையில் நின்றாலும் பாதி நாள்தான் வேலை செய்ததாக ஏறும். அல்லது திருப்பியே அனுப்பிவிடுவார். அந்தப் பயத்தில் லயத்தில் ஒவ்வொரு வீடும் மணிக்கூட்டை முன்னால் தள்ளி வைத்திருக்கிறது. பயம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி வைப்பது. ஒரு காம்பராவில் பத்து நிமிடம், அடுத்த காம்பராவில் அரை மணி. அந்தந்த வீட்டுக்காரர் பார்த்தவுடன் மனசுக்குள் கழித்துக்கொள்வார்கள். வெளியே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. இதையெல்லாம் எவராவது சொல்வார்களா?

நானும் லயத்தில் பிறந்தவள்தான். ஏழு வயதில் டவுனுக்குப் போனோம். எங்கள் சுவரிலும் அப்படி ஒரு மணிக்கூடு தொங்கியிருக்கும். எனக்கு அது நினைவில்கூட இல்லை.

"இத ஏன்டி நீ முன்னாலயே சொல்லல?"

"நீங்கதானே டீச்சர் கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாதுன்னீங்க."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். இரட்டைப் பிள்ளைகளிடம் நான் அழிறப்பரை நீட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உண்மை என் கைக்கே வந்திருக்கிறது, நான் அதை அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை சுவர் மணிக்கூடுகளைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னேன். வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள் என்றும் சொன்னேன். அதை மெதுவாகத்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

பதினொரு மணிக்கூடுகள் வந்தன. உரப்பையில் சுற்றியது, துவாயில் சுற்றியது, முருகன் படத்தோடு ஒன்று, வேளாங்கண்ணி மாதா படத்தோடு ஒன்று. கேற்றடியில் அதிபர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன டீச்சர், கடை போடப்போறீங்களா?"

என் பாடம் வந்ததும் மேசைகளைச் சேர்த்துப் போட்டு பதினொன்றையும் வரிசையாக நிறுத்தினோம். என் போனில் சரியாக ஒன்பதரை ஆனதும் மேசையில் தட்டினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் முள்ளைப் பார்த்துச் சொன்னார்கள். ஒன்பது நாற்பது, ஒன்பது ஐம்பத்தைந்து, பத்து ஐந்து. ஒன்று ஓடவேயில்லை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"அப்ப எங்க வீட்டுல யாருக்குமே சரியான நேரம் தெரியாதா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தெரியும்டி. கழிச்சா தெரியும்" என்றாள் இரட்டையரில் ஒருத்தி. அன்று அவள் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. அவர்கள் மணிக்கூடு இருபது நிமிடம் முன்னால்.

மேல் டிவிசன்காரியின் மணிக்கூடு இருபத்தைந்து நிமிடம் முன்னால். அவளே கரும்பலகையில் கழித்துக் காட்டினாள். ஏழு மணிக்கல்ல, ஆறு முப்பத்தைந்துக்குக் கிளம்புகிறாள். நாற்பது நிமிடமல்ல, ஒரு மணி ஐந்து நிமிடம் நடக்கிறாள். நான் எடுத்த பாடங்களிலேயே நல்ல பாடம் அது. அரைமணி நேரம் நீடித்தது.

பத்து மணிக்கு அவளுடைய அம்மா வந்தார். கொழுந்துப் பை தோளில், தலைத்துண்டு அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. வாசலில் நின்று முதலில் மேசையைப் பார்த்தார், தன்னுடைய மணிக்கூட்டைக் கண்டுபிடித்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, ஒங்களுக்கு வெளயாட வேற சாமான் கெடைக்கலையா?"

நான் வணக்கம் சொன்னேன். அவர் வாங்கவில்லை.

"புள்ள போனப்பொறவு சொவத்தப் பாத்தா வெறும் ஆணிதான் இருக்கு. போனு அவரோட கொழும்புல. வெளிச்சத்தப் பாத்து நேரம் இருக்குன்னு நெனச்சு எறங்குனேன். பெரட்டு முடிஞ்சு ஆளுக மலைக்கு ஏறியாச்சு. அரைப்பேருக்கு நிக்கிறியாங்கிறாரு கங்காணி. எத்தன பேரு முன்னால கேக்குறாரு தெரியுமா? ஒங்க அரைப்பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம்னுட்டு வந்துட்டேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்காமல் எடுத்து வந்திருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை விசிறி அதை நிறுத்தினார். படித்தவர்கள் மன்னிப்புக் கேட்பது அவருக்கு என்ன பிரயோசனம்? சத்தம் கேட்டு அதிபர் வந்துவிட்டார்.

நான் உடனே அவர்பக்கம் பாய்ந்தேன். அம்மாவை அப்படியே விட்டுவிட்டு, கரும்பலகையைக் காட்டி, பெரட்டு மணியைச் சொல்லி, இருபத்தைந்தைச் சொல்லி, மூச்சுவிடாமல் பேசி முடித்தேன். அவர் முழுதையும் கேட்டார்.

"சரி" என்றார். "இன்னைக்கு இருவத்தஞ்சு முன்னுக்கு இருக்கு. அந்த ரெண்டு வாரமும் இருவத்தஞ்சுதான்னு எப்படித் தெரியும்? நேத்து அந்தி ஒருத்தர் திருகி வச்சிருக்கலாமே?"

என் கோப்பில் அதற்குப் பதில் இல்லை. மோசம் என்னவென்றால் அது நல்ல கேள்வி. பத்து மாதமாக நான் பிள்ளைகளிடம் எதிர்பார்த்துக் கிடந்த கேள்வியை எனக்குப் பிடிக்காத மனிதர் கேட்டுவிட்டார்.

ஆனால் அம்மா இப்போது அவர்பக்கம் திரும்பினார்.

"யாரு சார் திருகுனா? எம் மணிக்கூட்டுல கை வைக்க எங்க வீட்டுல எவனுக்குத் தைரியம் இருக்கு? பேட்டரி மாத்துறதுகூட நான்தான். நேரா பெரட்டுக்குக் கொண்டுபோயி, கங்காணி கையில கட்டியிருக்கிறதப் பாத்து இருவத்தஞ்சு நிமிசம் தள்ளி வச்சிட்டுத்தான் வருவேன். இந்த வருசத்துல ஒரு நாளு நான் பெரட்டுக்குப் பிந்துனேனா, போய்க் கேளுங்க. இன்னைக்குத்தான். இந்தம்மாவாலதான்."

நான் ஏதோ சொல்லப் போனேன். அதிபர் விரலை உயர்த்தி என்னை அடக்கிவிட்டு அம்மாவைக் கேட்டார்.

"பெரட்டுக்கு வீட்ட விட்டு எறங்குறப்ப ஒங்க மணிக்கூட்டுல எத்தன?"

"ஏழேகால். நான் போய் நிக்க அங்க ஏழு அடிக்கும்."

"புள்ள அதுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி. அவ போயிக் கால் மணி நேரஞ்செண்டுதான் நான்."

அவர் வெண்கட்டியை எடுத்தார். எங்கள் கணக்குக்குப் பக்கத்தில், எங்கள் கணக்கைப் பார்க்காமல், தானாகப் போட்டார். ஏழேகாலில் கால் மணி போக ஏழு. ஏழில் இருபத்தைந்து போக ஆறு முப்பத்தைந்து. அதைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஆறரைக்கு முந்தி காம்பரா தொறக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க சார்."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு நாளு கால் மணி நேரம் முந்திப் போய் நின்னு பாத்தேன் சார். தங்கச்சி மழையில நனைஞ்சதுதான் மிச்சம்."

அவர் கையிலிருந்த வெண்கட்டித் தூளைத் தட்டினார். மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு போகும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனார். மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. அந்த வட்டத்தை மட்டும் விட்டுப்போனார்.

அம்மா மணிக்கூட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இனிமே எம்புள்ளகிட்ட வீட்டுச் சாமான் எதையும் கேக்காதீங்க" என்றார் என்னிடம். "படிப்பிக்கிறதுன்னா புத்தகத்துல உள்ளதப் படிப்பிங்க. எங்க காம்பராவுக்குள்ள வராதீங்க." சரி என்று தலையாட்டினேன். அதற்குக்கூட அவர் காத்திருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நேரசூசி மாறியிருந்தது. வியாழக்கிழமை இரண்டு பாடமும் மாதிரி வினாத்தாளுக்குப் போய்விட்டன. நேரம் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் அதிகம் என்பதால் இனிமேல் கேற்றை நானே சாத்த வேண்டும் என்று அதிபர் காலைக்கூட்டத்தில் அறிவித்தார். ஆசிரியர்கள் சிரித்தார்கள். நான் அந்த வருடம் முடியும்வரை கேற்றடியில் நின்றேன், ஒரு நாளும் அதைச் சாத்தவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் அதைப் பதிவுப் புத்தகத்தில் எழுதினார். எழுதியதற்குக் கீழே என் கையொப்பத்தையும் வாங்கினார்.

டிசம்பரில் ஒருநாள் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். அவளுடைய விடுகைப் பத்திரம் மேசையில் இருந்தது. நேரந்தவறாமை என்ற வரிக்கு எதிரில் ஒரு கோடு. ஒரு சொல்லும் இல்லை, பேனையால் நேராக இழுத்த கோடு மட்டும்.

"திருப்தின்னு எழுதுனா பொய். அவ பிந்தித்தான் வந்தா. திருப்தியில்லன்னு எழுதுனாலும் பொய். அதான் கோடு" என்றார்.

கோட்டைப் பார்த்தால் டவுனில் சந்தேகப்படுவார்கள், விளக்கம் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது, பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நான் சண்டை பிடித்தேன். ஒரு கடிதமாவது எழுதித் தாருங்கள் என்றேன்.

"ஒங்க வகுப்புப் புள்ளதானே. கேட்டா சொல்லத் தெரியாதா?" என்று பத்திரத்தை உறைக்குள் போட்டார்.

சேர்க்கும் நாளன்று நானும் கூட வருகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லியனுப்பினேன். வரவேண்டாம் என்று அம்மா சொல்லியனுப்பினார். அதனால் ஹட்டன் பஸ் நிலையத்தில் காலை எட்டு மணியிலிருந்து மரக்கறிக் கடைக்கு முன்னால் நின்றேன். தேவையில்லாத இரண்டு கிலோ கரட் என் கையில் இருந்தது. திருப்பி அனுப்பினால் அந்த இடத்திலேயே அவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கு ஏறி, யாருடைய மேசையையாவது தட்டிச் சத்தம் போட வேண்டும் என்று வசனங்களையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

பதினொன்றரைக்கு இறங்கி வந்தார்கள். அம்மா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராகப் போய் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினார். முகத்தை வைத்து ஒன்றையும் அறிய முடியவில்லை. அவள் மட்டும் என்னிடம் வந்தாள்.

"எடுத்துக்கிட்டாங்க டீச்சர். ஜனவரியில வரச் சொன்னாங்க."

கோட்டைப் பற்றிக் கேட்டார்களா என்றேன்.

"கேட்டாங்க. அங்க உள்ள பிரதி அதிபர் இது என்ன கோடுன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் சொன்னேன். பெரட்டு, மணிக்கூடு, புள்ளக் காம்பரா, எல்லாம். பேப்பர் வாங்கிக் கணக்கும் போட்டுக் காட்டுனேன்."

"அப்புறம்?"

அவள் கரட் பையைப் பார்த்தாள். "மொத தடவ யாரு பிழையாப் போட்டதுன்னு கேட்டாங்க. டீச்சர்தான்னு சொன்னேன்."

பஸ்ஸுக்குள்ளிருந்து அம்மா அவளைக் கூப்பிட்டார். சாரதி ஏறிவிட்டார்.

"எம்பேரையும் சொன்னியா?"

"கேட்டாங்க டீச்சர். சொன்னேன்" என்றுவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.